இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்த எலியிடம் நாம் கேட்கும் கேள்வி

இதயச் செயலிழப்புடன் மருத்துவமனையில் சேரும் நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகமும் ஓரளவு தளர்ந்தே இருக்கும். கால்கள் வீங்கி, மல்லாந்து படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சு வாங்கும் ஒருவருக்கு ஃபியூரோசமைடு ஊசி போட்டால் நீர் இறங்கி மூச்சு சீராகிறது. ஆனால் இரண்டொரு நாளில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. ஊசியின் அளவைக் குறைத்தால் சிறுநீரகம் சற்றுத் தெளிகிறது, மூச்சுத்திணறலோ திரும்பி வந்துவிடுகிறது. இதய மருத்துவர் ஒரு பக்கமும் சிறுநீரக மருத்துவர் மறுபக்கமும் நின்று ஒரே மருந்துச் சீட்டை மாற்றி மாற்றித் திருத்தும் இந்த நிலையை அருகிலிருந்து பார்த்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் அந்த வரத்து குறைகிறது. அதோடு, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் சிரைகளில் தேங்கிச் சிறுநீரகத்தின் உள்ளழுத்தத்தையும் கூட்டுகிறது. வரத்துக் குறைந்ததும், உடலில் ரத்தமே குறைந்துவிட்டதைப் போலச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்களாகச் சங்கிலி நீண்டு, உப்பும் நீரும் உடலில் தங்கி, ரத்த நாளங்கள் இறுகி, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் மேலேயே மேலும் சுமை ஏறுகிறது. கோளாறு சிறுநீரகத்தில் தொடங்கினாலும் இதே சுழலுக்குள்தான் வந்து சேர்கிறது. 2008இல் இத்தாலியச் சிறுநீரக மருத்துவர் கிளாடியோ ரோங்கோவும் அவருடைய சகாக்களும், எந்த உறுப்பு முதலில் தளர்ந்தது, திடீரெனத் தளர்ந்ததா மெல்லத் தளர்ந்ததா என்பவற்றைக் கொண்டு இதனை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். வகைப்பாடு வந்துவிட்டதே தவிர, இரண்டும் சேர்ந்து தளர்ந்தவருக்கு எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பதற்கான சான்று இன்றும் மெலிந்தே இருக்கிறது.

மருந்தியல் கற்பிப்பதும், விலங்குச் சோதனை முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் அமர்வதும் என் பணியின் பகுதிகள். ஆகவே இந்த இரட்டைச் செயலிழப்புக்கு மருந்துகளை விலங்குகளில் எப்படிச் சோதித்தார்கள், அச்சோதனைகள் எங்கே நோயாளிக்குக் கைகொடுத்தன, எங்கே வழிதவறச் செய்தன என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலியில் பலிப்பதெல்லாம் மனிதரில் பலிக்காது என்று பொதுப்படையாகச் சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு எலி பெரும்பாலும் சரியான பதிலையே தந்திருக்கிறது. வார்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிய கேள்வியை அதனிடம் கேட்டவர்கள்தாம் குறைவு.

நன்றாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எடுத்துக்காட்டாக நான் வகுப்பில் முதலில் சொல்வது, பாஸ்டனில் மார்க் ஃபெஃபரும் ஜானிஸ் ஃபெஃபரும், மேலே சொன்ன ரெனின் சங்கிலியை அடைக்கும் கேப்டோப்ரில் என்ற மருந்தை வைத்துச் செய்த சோதனையை. எலியின் இடது இதயத் தமனியில் கட்டுப்போட்டு மாரடைப்பை உண்டாக்குவதுதான் முறை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த அறுவையை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை எளிது என்று சொல்ல மாட்டார்கள். மயக்கமூட்டிய எலியின் மூச்சுக்குழலில் சிறு குழாய் செருகி, செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைத்து, இடப்பக்க விலா இடைவெளியில் மார்பைத் திறக்க வேண்டும். ஒரு கிராம் அளவே எடையுள்ள இதயம் நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கும். மனித இதயத்தில் தமனிகள் மேற்பரப்பிலேயே தெரியும். எலியில் அவை தசைக்குள் புதைந்து ஓடுவதால், கட்ட வேண்டிய தமனி கண்ணுக்குத் தெரியாது. இடது மேலறையின் காது போன்ற மடலுக்கும் நுரையீரல் தமனி கிளம்பும் இடத்துக்கும் நடுவே, இங்கேதான் ஓடும் என்ற அனுபவ அறிவைக் கொண்டு, மெல்லிய தையல் ஊசியைத் தசைக்குள் நுழைத்து எடுத்து முடிச்சிட வேண்டும். முடிச்சு சரியான இடத்தில் விழுந்தால், அதற்குக் கீழே உள்ள இதயச் சுவர் சில நொடிகளில் சிவப்பு மங்கி வெளிறும். முதல் நாளுக்குள்ளேயே பல எலிகள் இதயத் துடிப்புத் தாறுமாறாகி இறந்துபோகும். பிழைத்தவற்றிலும் ஒன்றுக்குச் சிறு தழும்பு, இன்னொன்றுக்குச் சுவரில் பாதியையே விழுங்கும் தழும்பு என்று சேதத்தின் அளவு வேறுபடும்.

இந்த வேறுபாட்டை ஒரு தொல்லையாகக் கருதி ஒதுக்காமல், ஃபெஃபர் குழுவினர் அதையே ஆராயும் பொருளாக்கினார்கள். 1985இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு இரண்டு வாரம் கழித்து, உயிரோடிருந்த எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குடிநீரில் கேப்டோப்ரில் கலந்து கொடுத்து, ஓராண்டு வரை காத்திருந்தார்கள். மருந்து பெற்றவை கூடுதல் காலம் வாழ்ந்தன. நடுத்தர அளவு சேதம் உள்ளவற்றில் பயன் தெளிவாக இருந்தது. மாரடைப்பு நிகழ்ந்து முடிந்த பின் தொடங்கிய சிகிச்சை, உயிர் தங்குமா என்ற அளவுகோல், சேதத்தின் அளவுக்கேற்ப முடிவுகளைப் பிரித்துப் பார்த்தல் ஆகிய இவை அனைத்தும் மருத்துவர் தம் நோயாளியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளாகவே இருந்தன. 1992இல் வெளிவந்த சேவ் ஆய்வில், மாரடைப்பால் இதயத்தின் உந்துதிறன் குறைந்த 2,231 பேரிடம் அதே மருந்து சோதிக்கப்பட்டபோது இறப்பு 19 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வின் வாசலிலேயே ஒரு தடை இருந்தது: கிரியேட்டினின் 2.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. எலியிலும் சரி, மனிதரிலும் சரி, இதயம் தளர்ந்தவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தச் சான்று எழுப்பப்பட்டது.

சிறுநீரகப் பக்கத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. ஒரு சிறுநீரகத்தை முழுவதும் அகற்றி, மற்றதில் மூன்றில் இரண்டு பங்கை அழித்துவிட்டால், மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும். எலியின் ஒரு சிறுநீரகத்தில் இருக்கும் நெஃப்ரான்கள் எனும் வடிகட்டும் அலகுகளே முப்பதாயிரம் அளவுதான். எஞ்சியவை எல்லா வேலையையும் ஏற்று, உள்ளழுத்தம் மிகுந்து, சில வாரங்களில் புரதம் கசியத் தொடங்கி, வடுப்பட்டுச் சுருங்குகின்றன. பாஸ்டனில் பாரி பிரென்னரின் குழு, இந்த அழுத்தத்தை நேரடியாகவே அளந்தது. முனிக்-விஸ்டார் என்ற எலி இனத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் சில சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே இருப்பதால், மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி உள்ளழுத்தத்தைப் படிக்க முடிந்தது. கேப்டோப்ரில் வகையைச் சேர்ந்த எனலாப்ரில் அந்த அழுத்தத்தைக் குறைத்து வடுப்படுவதைத் தடுத்தது என்று அவர்கள் காட்டியதும் 1985இல்தான். 1993இல், நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்த 409 பேரிடம் கேப்டோப்ரில் நோயின் போக்கைத் தாமதப்படுத்தியது என்ற முடிவு வந்தது. ஒரே வகை மருந்து இரண்டு உறுப்புகளையும் காக்கிறது என்பது இவ்வாறு, இரண்டு தனித்தனி எலிக் கூட்டங்களில், இரண்டு தனித்தனி நோயாளிக் கூட்டங்களில் நிறுவப்பட்டது.

இரண்டு அறுவைகளையும் ஒரே எலியில் செய்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு சிறுநீரகத்தை மட்டும் அகற்றிய எலிக்கு மாரடைப்பை உண்டாக்கியபோது, மிஞ்சிய சிறுநீரகத்தில் சேதம் கூடியது. இதயத் தழும்பு பெரிதாக இருந்த அளவுக்குச் சிறுநீரகச் சேதமும் பெரிதாக இருந்தது. இது 2004இல் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், ஆறில் ஐந்து பங்கு சிறுநீரகத்தை இழந்த எலிகளுக்கு மாரடைப்பைச் சேர்த்தபோது சிறுநீரகச் சேதம் மேலும் கூடவில்லை. பிறகு 2012இல் உட்ரெக்ட்டில் செய்த ஆய்வில், பெரும்பகுதி சிறுநீரகத்தை அகற்றிப் பின்னர் இதயத் தமனியையும் கட்டிய எலிகளில் இரண்டு உறுப்புகளுமே தனித்தனி அறுவையில் கெட்டதைவிட அதிகம் கெட்டன. இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு வருவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே உச்ச வேகத்தில் கெட்டுக்கொண்டிருந்தால், இதயம் சேர்க்கும் கூடுதல் சுமை அளவீட்டில் தெரியாமல் போகலாம். எந்த எலி இனம், முதல் அறுவை எது, இரண்டுக்கும் இடையில் எத்தனை வாரம், சிறுநீரகத்தை வெட்டி எடுத்தார்களா, தமனிக் கிளைகளைக் கட்டினார்களா என்பவற்றைப் பொறுத்து உண்டாகும் நோயே மாறிவிடுகிறது. தமனிக் கிளைகளைக் கட்டினால் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். வெட்டி எடுத்தால் அவ்வளவு ஏறாது. அதே அறுவையைச் சுண்டெலியில் செய்தால், ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57 கறுப்பு இனம் சிறுநீரகச் சேதத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. 129 என்ற இனமோ எளிதில் நோயுறுகிறது. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த விவரங்களில்தான் மருந்தின் விதி தீர்மானமாகிறது.

பிராகிலுள்ள ஆய்வாளர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். சுண்டெலியின் ரெனின் மரபணுவை எலிக்குள் செலுத்தி 1990இல் உருவாக்கிய ஓர் இனம் இருக்கிறது. அதற்குப் பிறவியிலேயே ரத்த அழுத்தம் அதிகம். அந்த எலியின் வயிற்றில் பெருந்தமனிக்கும் பெருஞ்சிரைக்கும் இடையே ஊசியால் துளையிட்டு நேரடி வழி ஏற்படுத்தினால், இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் பெரும்பகுதி உடலைச் சுற்றாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. இதயம் பெருத்து, சில வாரங்களில் தளர்ந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் வெகுவாகக் குறைகிறது. இந்த எலிகள் சாதாரண எலிகளைவிட விரைவாக இறக்கின்றன. கேப்டோப்ரில் வகை மருந்தான டிராண்டோலாப்ரில் கொடுத்தால் கூடுதலாக வாழ்கின்றன. இரண்டு உறுப்பும் சேர்ந்து தளரும் நிலையை உயிர்வாழும் காலத்தைக் கொண்டு அளக்கும் துணிவு இந்த மாதிரியில் இருக்கிறது. ஆனால் ரெனின் மிகுதியால் நோயுற்ற எலியை ரெனின் வழியை அடைக்கும் மருந்து காப்பாற்றுவதில் வியப்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அலிஸ்கிரென் என்ற மருந்தின் வரலாறு இந்த எச்சரிக்கையை முழுமையாக விளக்குகிறது. அது ரெனினையே நேரடியாகத் தடுப்பது. மனித ரெனினுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டதால் எலியின் ரெனினில் அதற்குப் பிடிமானம் குறைவு. அதனால் மனித ரெனின் மரபணுவும் ரெனின் செயல்படும் புரதமான மனித ஆஞ்சியோடென்சினோஜனின் மரபணுவும் ஒருங்கே உள்ள எலிகளைப் பெர்லினில் பயன்படுத்தினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் அவை இதயம் தடித்து, சிறுநீரகம் கெட்டு, சில வாரங்களிலேயே இறந்துவிடும். அலிஸ்கிரென் அவற்றின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்தது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. முடிவு உண்மையானது, தெளிவானது. பின்னர் நீரிழிவும் சிறுநீரக அல்லது இதய நோயும் உள்ள 8,561 பேரைக் கொண்டு ஆல்டிட்யூட் ஆய்வு நடந்தது. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அதே வழியை அடைக்கும் இன்னொரு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதன் மேல் அலிஸ்கிரெனைச் சேர்த்ததில் பயன் கிடைக்கவில்லை. பொட்டாசியம் ஏறுவதும் ரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்வதும் கூடின. 2011 டிசம்பரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. பெர்லின் எலிக்கு ஒரே ஒரு நோய்க்காரணம் இருந்தது, அதற்கான மருந்தே அதற்குக் கொடுக்கப்பட்டது. ராமிப்ரிலோ லோசார்டனோ ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்கும், முதுமையும் நீரிழிவும் சேர்ந்த எலிக்கு அலிஸ்கிரென் என்ன செய்யும் என்பதுதான் நோயாளிக்குத் தேவைப்பட்ட கேள்வி.

ஓர் உறுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பார்டாக்சலோன் என்ற சிறுநீரக மருந்து சான்று. நீரிழிவோடு சிறுநீரகமும் நான்காம் கட்டத்துக்குப் பழுதான 2,185 பேரிடம் நடந்த பீக்கன் ஆய்வில், மருந்து பெற்றவர்களின் வடிகட்டும் வேகம் உயர்ந்தது. சிறுநீரகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நற்செய்தி. ஆனால் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் மருந்துப் பிரிவில் 96 பேர், வெற்று மருந்துப் பிரிவில் 55 பேர். 2012 அக்டோபரில் அதுவும் நிறுத்தப்பட்டது. சிறுநீரக மருந்தை விலங்கில் சோதிக்கும் எவரும் இதயத்தின் எடையையும் நுரையீரலின் ஈர எடையையும் எக்கோ அளவுகளையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த எண்களே காரணம்.

இதற்கு நேரெதிராக, எலியில் பலிக்காதது மனிதரில் பலித்த கதையும் உண்டு. என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது அதுதான். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், நீரிழிவுக்கான புதிய மருந்துகள் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி எம்பாக்ளிஃப்ளோசினை 7,020 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டபோது, தீங்கில்லை என்பதைத் தாண்டி, இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து இதயத்தைக் காக்கும் என்று எந்த எலியும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2016இல், டொராண்டோ ஆய்வாளர்கள் அதே வகையைச் சேர்ந்த டாபாக்ளிஃப்ளோசினை, ஆறில் ஒரு பங்கு சிறுநீரகம் மட்டும் மிஞ்சிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் போக்கு மாறவில்லை. அதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். 2020இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில், நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 4,304 பேரில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவே இல்லாத நிலையிலும், அந்த மருந்து மோசமான விளைவுகளை 39 சதவீதம் குறைத்தது.

டொராண்டோ ஆய்வு பொய்த்துவிட்டது என்று இதைக் கொண்டு சொல்வது அநியாயம். அந்த எலியின் எஞ்சிய நெஃப்ரான்கள் அடைந்த சுமை அறுவையால் ஒரே நாளில் ஏற்பட்டது. ஆய்வில் சேர்ந்த மனிதர்களின் சிறுநீரகமோ ஆண்டுக்கணக்கில் மெல்லக் கெட்டது. மேலும் அவர்களில் பெரும்பாலோர் ரெனின் வழியை அடைக்கும் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள், எலிகள் அப்படி இல்லை. அவர்கள் அந்த முடிவை வெளியிட்டதால்தான், ஆறில் ஐந்து பங்கு சிறுநீரக அகற்றல் என்ற மாதிரி இந்த மருந்து வகைக்கு எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பது நமக்குத் தெரிய வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுகளை அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் எங்கும் இருக்கும்போது, இந்த வெளிப்படைத்தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆல்டோஸ்டீரோனின் செயலைத் தடுக்கும் ஃபினரெனோன் என்ற மருந்து இதில் நடுவில் நிற்கிறது. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, ஆல்டோஸ்டீரோனைப் போன்ற ஹார்மோனைச் செலுத்தி, உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தால் எலியின் இதயமும் சிறுநீரகமும் ஒருசேரக் கெடும். இந்த எலிகளில் ஃபினரெனோன் இரண்டையும் காத்தது என்று 2014இல் வெளியானது. சிறுநீரில் உப்பை ஒரே அளவு வெளியேற்றும்படி, அதே வகைப் பழைய மருந்தான எப்லெரெனோனோடு ஈடுசெய்து ஒப்பிட்டது அந்த ஆய்வின் சிறப்பு. 2020இல் ஃபிடெலியோ ஆய்வு 5,674 நோயாளிகளிடம் சிறுநீரகப் பயனை உறுதிசெய்தது. அதிலும், உந்துதிறன் குறைந்து அறிகுறிகளோடு இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். மருந்தாளுமைக் கல்லூரிகளிலிருந்தும் மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் குழுவுக்கு வரும் முன்மொழிவுகளில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒரு வகை உண்டு. ஒரு மூலிகைச் சாற்றை மூன்று நான்கு வாரங்கள் எலிக்குப் புகட்டுவார்கள். கடைசி இரண்டு நாட்களில், கிலோவுக்கு 85 மில்லிகிராம் வீதம் ஐசோப்ரோட்டெரனால் ஊசி போடுவார்கள். அளவுக்கு மீறிய தூண்டலால் இதயத் தசை ஆங்காங்கே மடியும். மறுநாள் ரத்தத்தில் நொதிகளை அளந்து, சாறு பெற்ற எலிகளில் அவை குறைவாக இருந்தால், இதயத்தைக் காக்கும் மூலிகை என்று எழுதுவார்கள். சிறுநீரகத்துக்கு ஐசோப்ரோட்டெரனாலுக்குப் பதில் ஜென்டாமைசினோ சிஸ்பிளாட்டினோ வரும். இரண்டு உறுப்பையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர் டாக்சோரூபிசினைத் தேர்ந்தெடுப்பார். செலவு குறைவு, அறுவைத் திறன் வேண்டாம், ஆறு மாதத்தில் ஆய்வேடு முடிந்துவிடும் என்ற காரணங்கள் எனக்குப் புரிகின்றன. ஆனால் இந்தச் சோதனை கேட்பது, நச்சு உடலுக்குள் வருமுன்பே தடுப்புமருந்து கொடுத்துவைத்தால் சேதம் குறையுமா என்பதை. மாரடைப்பு வரப்போகிறது என்று நான்கு வாரத்துக்கு முன்பே தெரிந்து மருந்து தொடங்கும் நோயாளி எவரும் இல்லை.

ஒருமுறை முதுநிலை மாணவி ஒருவரிடம், சாற்றைப் பாதிப்புக்குப் பிறகு தொடங்கிப் பார்க்கலாமே என்று கேட்டேன். “பிறகு கொடுத்தால் வித்தியாசமே தெரியாது, சார்” என்றார். நேர்மையான பதில் அது. வித்தியாசம் தெரியாது என்பது முன்கூட்டியே தெரியுமானால், அந்த முடிவே ஆய்வேட்டில் எழுத வேண்டியது என்று அவருக்கு விளக்கினேன். வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் நேர்மறை முடிவையே எதிர்பார்க்கும்போது, அந்த மாணவி மட்டும் துணிய வேண்டும் என்று கேட்பது எவ்வளவு நியாயம் என்பதும் என்னை உறுத்தாமல் இல்லை.

எனவே நான் கேட்பவை பெரும்பாலும் காலத்தைப் பற்றியும் உடனிருக்கும் மருந்தைப் பற்றியும் இருக்கும். நோய் நிலைபெற்ற பின் எத்தனையாவது வாரத்தில் சிகிச்சை தொடங்குகிறது? எல்லாப் பிரிவுகளுக்கும் அடிப்படையாக ராமிப்ரில் போன்ற ஒன்று கொடுக்கப்படுகிறதா? எக்கோவைப் படிப்பவருக்கு எந்த எலி எந்தப் பிரிவு என்று தெரியுமா? கிரியேட்டினினைப் பற்றியும் தவறாமல் கேட்பேன். இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்த எலி உணவைக் குறைத்துத் தசையை இழக்கிறது. தசை குறைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவதால், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்போதே அளவு தேறியதுபோலத் தோன்றும். உடல் எடையும் இதே போல ஏமாற்றும், ஏனென்றால் இழந்த தசையின் எடையை வயிற்றிலும் மார்பிலும் தேங்கிய நீர் ஈடுசெய்துவிடுகிறது. சுண்டெலியின் ரத்தத்தில் பழைய ஜாஃபே முறையில் கிரியேட்டினினை அளந்தால் வேறு பொருள்களும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் இன்யூலின் (இன்சுலின் அல்ல) போன்ற பொருளைச் செலுத்தி அது வெளியேறும் வேகத்தை அளப்பதே நம்பத்தக்கது.

இளம் ஆண் எலிகளையே பயன்படுத்தும் வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். வயதான ஆண் எலிகளின் சிறுநீரகம் எந்தச் சோதனையும் இல்லாமலே கெடத் தொடங்கும். பெண் எலிகளில் அது மெதுவாக நிகழும். குழப்பத்தைத் தவிர்க்க இளம் ஆண்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பார்கள். ஆனால் இரட்டைச் செயலிழப்பு பெரிதும் முதியவர்களின் நோய், அவர்களில் பெண்கள் ஏராளம்.

நம் சட்டப்படி ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் அறிவியல் துறையைச் சாராத சமூக அக்கறையுள்ள ஒருவர் இருக்க வேண்டும். அப்படி வந்த உறுப்பினர் ஒருவர் ஒரு முன்மொழிவைப் படித்துவிட்டு, “அந்த எலி எப்படிச் சாகும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?” என்று கேட்டார். ஆய்வாளரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உயிர்வாழும் காலத்தை அளவுகோலாகக் கொண்ட சோதனைகளை நான் மேலே பாராட்டி எழுதினேன். ஆனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறி இறக்கும்வரை ஒரு விலங்கைக் காத்திருந்து பார்ப்பது, அளவுகோல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், செய்யத்தகாதது. எடை இத்தனை சதவீதம் குறைந்தால், மூச்சு இவ்வளவு வேகமானால், கூண்டின் மூலையில் உரோமம் சிலிர்த்து அசையாமல் கிடந்தால், வலியின்றிக் கருணைக்கொலை செய்து, அதையே இறப்பாகக் கணக்கிடும் முறையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இவ்விதிகளை மருந்துப் பிரிவு தெரியாத ஒருவர் நாள்தோறும் பார்த்துப் பயன்படுத்தினால், முடிவின் தரமும் குறையாது. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று நெறிகளில் மூன்றாவதற்கு இந்த நோயில் அதிக வேலை இருக்கிறது.

முதல் நெறியான மாற்றும் சட்டத்தில் இடம்பிடித்துவிட்டது. அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும், இந்தியாவில் 2023இல் புதிய மருந்து விதிகளின் திருத்தத்திலும், விலங்கல்லாத சோதனை முறைகளுக்கு வழி திறந்தது. ஆய்வகச் சில்லில் (chip) வளர்த்த சிறுநீரகச் செல்களும் மனித இதயத் தசைச் செல்களும் நச்சுத்தன்மையைக் கண்டறிய ஏற்கெனவே பயன்படுகின்றன. சிரைகளில் ரத்தம் தேங்கிச் சிறுநீரகம் அழுந்துவதையும், நரம்புகளும் ஹார்மோன்களும் இரண்டு உறுப்புகளுக்கிடையே ஓயாமல் பேசிக்கொள்வதையும் அவற்றில் முழுமையாகக் கொண்டுவர இன்னும் காலம் ஆகும்.

அதுவரையில் நம் கண்முன்னே இருந்தும் நாம் போதிய அளவு கவனிக்காத இன்னொரு வழி இருக்கிறது. நோயை நாம் உண்டாக்காமலே அந்த நோய் உள்ள விலங்குகள் வீடுகளில் வாழ்கின்றன. வயதான சிறு இன நாய்களுக்கு, நம் ஊர்களில் பொமரேனியன் என்று வளர்க்கப்படுபவை உட்பட, இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது மிகச் சாதாரணம். அவற்றில் பலவற்றுக்கு முதுமையில் சிறுநீரகமும் தளர்கிறது, ஃபியூரோசமைடு கொடுக்கும் கால்நடை மருத்துவருக்கும் மனித வார்டில் வரும் அதே திண்டாட்டம் வருகிறது. 2015இல் கால்நடை மருத்துவர்கள் நாய், பூனைகளில் காணும் இந்த இரட்டை நோய்க்கென்றே ஒரு கருத்தொற்றுமை ஆவணத்தை வெளியிட்டார்கள். 2016இல் வெளிவந்த எபிக் ஆய்வில், உரிமையாளர்களின் ஒப்புதலோடு 360 வளர்ப்பு நாய்களிடம் பிமோபென்டான் என்ற இதய மருந்து சோதிக்கப்பட்டு, இதயச் செயலிழப்பு தொடங்குவதை ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போட்டது. குலுக்கல் முறை, வெற்று மருந்து, பிரிவு தெரியாத மதிப்பீடு எல்லாம் மனித ஆய்வுக்குரிய தரத்தில் இருந்தன. இதே ஏற்பாட்டில், இதயத்தோடு சிறுநீரகமும் தளர்ந்த முதிய நாய்களைச் சேர்த்து, ஏற்கெனவே கொடுக்கப்படும் மருந்துகளின் மேல் புதிய ஒன்றைச் சோதித்தால், முதுமை, மெல்லக் கெட்ட உறுப்புகள், உடனிருக்கும் மருந்துகள் என்று எலியிடம் நாம் கொண்டுவரச் சிரமப்படுபவை அனைத்தும் தாமாகவே அங்கே இருக்கும். மருந்து பலித்தால் அதன் பயன் முதலில் அந்த நாய்க்கே போய்ச் சேரும். நம் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு அத்தகைய நாய்கள் வருகின்றன. மனித மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் துறைகள் அவர்களோடு அமர்ந்து ஒரு பொது நெறிமுறையை எழுதத் தொடங்கலாம்.